ட்ராக் சைக்கிளுக்குப் புதுசா? ரோலரா, மைதானமா, ரோட்டில் ஃபிக்ஸட் கியரா, நேராக வெலோட்ரோமா?

வெலோட்ரோமுக்கு (ட்ராக் சைக்கிளுக்கென்றே கட்டிய, வளைவுகளில் தளம் சரிந்திருக்கும் சுற்றுப் பாதை) நடந்து போகும் தூரத்தில் வீடு இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையே இல்லை. வாரத்தில் மூன்று நாலு நாள் போய், ஒரு கோச் கண்ணெதிரில் சுற்றிக்கொண்டிருந்தால் சைக்கிளைக் கையாளும் பழக்கம் தானாக வந்துவிடும். சிக்கல் மற்றவர்களுக்குத்தான். சென்னைக்காரருக்கு மேலக்கோட்டையூர் இருக்கிறது, நாகர்கோவில் பக்கம் இருப்பவர் திருவனந்தபுரம் காரியவட்டத்துக்குப் போகலாம், ஹைதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்று இருக்கிறது. இவையெல்லாம் திறந்தவெளி கான்கிரீட் ட்ராக்குகள். கூரையும் மரத்தளமும் உள்ள 250 மீட்டர் ட்ராக்தான் வேண்டுமென்றால் 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் கட்டியதற்குத்தான் ரயில் ஏற வேண்டும். கோவையிலோ திருச்சியிலோ இருந்துகொண்டு ட்ராக் ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு மாதத்தில் ஒரு தடவை ட்ராக் கிடைத்தாலே பெரிய விஷயம். மீதி நாட்களில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி, அதற்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள்.

சைக்கிளைக் கையாளுவது என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன, எந்தப் பயிற்சி எதற்கு என்று தெரியாமல் அடித்துக்கொள்வதெல்லாம் இதைப் பிரித்துப் பார்க்காததால்தான். முதலாவது உங்கள் சைக்கிளை நீங்கள் வைத்திருப்பது: கோடு பிசகாமல் ஓட்டுவது, திரும்பிப் பார்த்தாலும் ஹேண்டில் அசையாமல் இருப்பது, நிறுத்தவே முடியாத பெடலோடு கால் சண்டை போடாமல் சுற்றுவது (ட்ராக் சைக்கிளில் இருப்பது ஃபிக்ஸட் கியர், சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பிரேக்கும் கிடையாது). இரண்டாவது அடுத்தவர் சைக்கிளோடு இருப்பது. முன் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வேறொருவரின் பின் சக்கரம், வலது முழங்கையை உரசிக்கொண்டு இன்னொருவர், அப்போதும் தோளும் கையும் இறுகாமல் இருக்க வேண்டும். மூன்றாவது சரிவு: எந்த வேகத்தில் எவ்வளவு உயரத்தில் ஓட்டலாம், ஏறினால் வேகம் எவ்வளவு போகும், இறங்கினால் எவ்வளவு வரும் என்பது யோசிக்காமலே உடம்புக்குத் தெரிவது. ஒரே பயிற்சியில் மூன்றும் கிடைக்காது. வீட்டு டிரெயினரில் சைக்கிளை மாட்டி ஆப்பில் ரேஸ் ஓட்டுவதில் மூன்றில் ஒன்றுகூடக் கிடைக்காது, அது காலுக்கும் மூச்சுக்கும் மட்டும், அதனால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை.

ரோலரிலிருந்து ஆரம்பிக்கலாம், ட்ராக் ஆட்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். பின் சக்கரத்துக்கு அடியில் இரண்டு உருளை, முன் சக்கரத்துக்கு ஒன்று, பின்பக்கச் சுழற்சியை முன் உருளைக்குக் கொண்டுபோக ஒரு பெல்ட், அவ்வளவுதான். சைக்கிளை எதிலும் கட்டுவதில்லை, விழாமல் ஓட்டுவது உங்கள் பொறுப்பு. பெரிய போட்டிகளில் வெலோட்ரோமின் நடுத்திடலைப் பார்த்தால் வீரர்கள் இதன் மேல்தான் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருப்பார்கள். இதன் அருமை என்னவென்றால் தப்பை உடனே காட்டிக்கொடுத்துவிடும். ரோட்டில் நீங்கள் ஒரு பக்கப் பெடலை மட்டும் அழுத்தி மிதித்தால் யாருக்கும் தெரியாது, ரோலரில் சைக்கிள் அந்தப் பக்கம் ஆடும். முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் தள்ளாடும், இரண்டு மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தால் நேராகிவிடும். ஃபிக்ஸட் கியரோடு ஏறினால் கூடுதல் லாபம், பெடலை நிறுத்தும் பழக்கம் சீக்கிரமே செத்துவிடும்.

ஆரம்பத்தில் கதவு நிலைக்கு நடுவில் போட்டுக்கொள்ளுங்கள், சாய்ந்தால் முழங்கை நிலையில் இடித்து நிற்கும். முன் உருளையின் நடு, முன் சக்கர அச்சுக்கு ஒன்றிரண்டு விரற்கடை முன்னால் இருக்கட்டும். பயத்தில் மெதுவாகச் சுற்றத் தோன்றும், ஆனால் மெதுவாகச் சுற்றினால்தான் தள்ளாட்டம் அதிகம்; லேசான கியரில் வேகமாகச் சுற்றினால் சக்கரமே தாங்கிக்கொள்ளும். வழுக்கிக் கீழே வந்தால் எதிர்ச் சுவரில் போய் மோதிவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நீங்களும் சைக்கிளும் ஓரிடத்தில்தான் நிற்கிறீர்கள், சுற்றுவது சக்கரம் மட்டும், அதனால் பெரும்பாலும் பக்கவாட்டில் தொப்பென்று விழுவதோடு சரி. பழகியதும் முன் உருளையில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு டேப் ஒட்டி அதற்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள், அப்புறம் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே அந்த இடைவெளிக்குள் நில்லுங்கள். ட்ராக்கில் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறோம், மேலே ஏறும்போதெல்லாம் வலது பக்கம் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும், பார்க்கும்போதே சைக்கிளும் வலது பக்கம் இழுத்தால் அங்கே வருகிறவர் கதி என்ன? இந்த ஒரு பழக்கத்துக்காகவே ரோலர் வாங்கலாம். லேத்துப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள், உருளை துளி வட்டம் பிசகினாலும் பல் கிட்டும் அளவுக்கு அதிரும், பார்த்து வாங்குங்கள். மாடி வீடு என்றால் கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு ஃபேன் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள்.

சரி, குறை என்ன? ரோலரில் சாய்வு கிடையாது, வளைவு கிடையாது, பக்கத்தில் ஆள் கிடையாது. மூன்று வேலைகளில் முதலாவதை மட்டும், அதை மட்டும் ரொம்ப நன்றாக, சொல்லிக்கொடுக்கும். ரோலரில் கையை விட்டு ஓட்டி வீடியோ போடுகிறவர், ட்ராக்கில் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றதும் விறைத்துப்போவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

அந்த விறைப்பை எடுப்பது மைதானம். என்னைக் கேட்டால் புதியவர்களுக்கு இருப்பதிலேயே அதிக லாபம் தருவது இதுதான், காசும் குறைவு, ஆனால் விளையாட்டுத்தனமாகத் தெரிவதால் யாரும் மதிப்பதில்லை. தேவை ஒரு பள்ளி மைதானம், நண்பர்கள் இரண்டு மூன்று பேர், ஆளுக்கு ஒரு பழைய சைக்கிள் அல்லது எம்டிபி (தடித்த டயர் மலைச் சைக்கிள்), ஹெல்மெட், கையுறை, சாதாரண ஷூ. க்ளீட் (ஷூவைப் பெடலோடு மாட்டும் கொக்கி) வேண்டவே வேண்டாம். டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். புல்தரை கிடைத்தால் அதிர்ஷ்டம், நம் ஊரில் பெரும்பாலும் செம்மண்தான், மழை பெய்து காய்ந்த இரண்டாம் நாள் பதமாக இருக்கும். சரளைக் கல்லையும் நெருஞ்சி முள்ளையும் முதலில் பொறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் பாதி நேரம் பஞ்சர் ஒட்டுவதில் போய்விடும்.

முதல் பயிற்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான், பொங்கலுக்குத் தெருவில் நடத்துவோமே, ஸ்லோ சைக்கிள் ரேஸ், கால் ஊன்றாமல் கடைசியாக வருகிறவர் ஜெயிப்பார். ட்ராக்கில் ஸ்பிரின்ட் போட்டியில் இரண்டு பேர் யார் முன்னால் போவது என்று முறைத்துக்கொண்டு சைக்கிளை அசையாமல் நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள், இன்றைய விதிகளில் அதற்கு நேரக் கட்டுப்பாடு இருக்கிறது என்றாலும் அந்தத் திறமையின் வேர் இதே ஸ்லோ ரேஸ்தான். பிரேக்கைத் தொடக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் சேர்த்துக்கொண்டால் பொங்கல் போட்டி ட்ராக் பயிற்சியாகிவிடும். அடுத்தது, ஓட்டிக்கொண்டே தரையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலைக் குனிந்து எடுப்பது, திரும்பி வந்து அதே இடத்தில் நிறுத்தி வைப்பது. எடுப்பதைவிட வைப்பது கஷ்டம்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வருகிறோம். இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடை வேகத்தில் போக வேண்டும், முதலில் ஒருவர் தோளில் மற்றவர் கையை வைப்பது, பிறகு முழங்கையும் முழங்கையும் உரசிக்கொண்டே மைதானத்தின் அந்தக் கோடி வரை போவது, பிறகு தோளோடு தோள் சாய்ந்து ஒருவரை ஒருவர் தள்ளுவது. முழங்கை மடங்கி இருக்க வேண்டும், நீட்டி விறைப்பாகப் பிடித்திருந்தால் தோளில் விழும் இடி நேராக ஹேண்டிலுக்குப் போய்விடும். முதல் கால் மணி நேரம் சின்னப் பிள்ளைகள்போல் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பீர்கள், அதுவே நல்ல அறிகுறி, சிரிக்கும்போது உடம்பு இறுகியிருக்காது. கடைசியாகச் சக்கரம் உரசும் பயிற்சி. முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தின் பக்கவாட்டில் உங்கள் முன் சக்கரத்தை வேண்டுமென்றே உரசவிட வேண்டும். உரசியதும் எதிர்ப் பக்கம் வெடுக்கென்று இழுக்கத்தான் கை போகும், இழுத்தால் விழுவது நீங்கள்தான், முன்னால் இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உரசும் பக்கமே லேசாகச் சாய்ந்து, ஹேண்டிலை அமைதியாக வைத்து, மெல்ல விடுவித்துக்கொள்ள வேண்டும். இதைக் கான்கிரீட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் முதல் முறையாகக் கற்றுக்கொள்வதா, செம்மண்ணில் நடை வேகத்தில் பத்துத் தடவை விழுந்து கற்றுக்கொள்வதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மைதானத்தில் ஃபிக்ஸட் கியர் உணர்வும் வராது, வேகமும் வராது, அந்தக் குறை உண்மைதான்.

ரோட்டில் ஃபிக்ஸட் கியர் ஓட்டுவதை நிறையப் பேர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. லாபம் இல்லாமல் இல்லை: தொடர்ந்து ஒரு மணி நேரம் பெடலை விடாமல் சுற்றினால் காலுக்கு அந்தத் தாளம் பிடிபடும், முன்னால் லாரி மெதுவாகும்போது பின்னோக்கி லேசாக அழுத்தம் கொடுத்து வேகத்தைக் குறைக்கவும் பழகும், ட்ராக்கில் குழுவாகப் போகும்போது இடைவெளியைச் சரிசெய்வது இப்படித்தான். முன்னால் 46, பின்னால் 17 மாதிரி ஒரு பல் கணக்கு வைத்துக்கொண்டால் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 117 சுற்று சுற்ற வேண்டும், சுற்றும் லாகவத்துக்கு நல்ல பயிற்சி. ஆனால் நம் சாலையில் ட்ராக் சைக்கிளை அப்படியே இறக்க முடியாது, முன் பிரேக் கட்டாயம் மாட்ட வேண்டும், பல ட்ராக் ஃபோர்க்குகளில் பிரேக் மாட்ட ஓட்டையே இருக்காது. பிரேக் மாட்டியதும் கை அதை நம்ப ஆரம்பித்துவிடும், எந்தப் பழக்கத்தை மறக்க வேண்டுமோ அதையே வளர்க்கிறோம். ஈசிஆரில் விடியற்காலை 5 மணிக்குப் போனாலும் நாய் உண்டு, ராங் சைடில் வரும் பைக் உண்டு, கவனம் முழுக்க உயிரைக் காப்பதில் போகும்போது கோடு பிசகாமல் ஓட்டுவதை யார் பார்க்கப் போகிறார்கள். பின் சக்கரத்தைப் பூட்டித் தேய்த்து நிறுத்தும் வித்தையை ஒரு திறமையாக நினைத்துப் பழகுகிறார்கள், வெலோட்ரோமில் அப்படிச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வளாகத்துக்குள் வண்டி வராத ஒரு வட்டப் பாதை உங்களுக்குக் கிடைக்கிறதென்றால் கதை வேறு, அப்போது இது ரோலருக்குச் சமமான தேர்வு.

பிஎம்எக்ஸ் (சின்னச் சக்கர சைக்கிளில் மண்மேடுகளில் ஓட்டும் பந்தயம்) பற்றி ஒரு வரி. சின்ன வயதில் அதில் புரண்டவர்களுக்கு ட்ராக்கில் பயம் என்பதே இருக்காது. பிரிட்டனின் ஜேமி ஸ்டாஃப் பிஎம்எக்ஸ் உலக சாம்பியனாக இருந்துவிட்டு வந்துதான் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கிறிஸ் ஹோய், ஜேசன் கென்னியோடு டீம் ஸ்பிரின்ட் தங்கம் வாங்கினார். உங்கள் பிள்ளைக்கு எட்டு வயது, பக்கத்தில் பம்ப் ட்ராக் (மேடும் பள்ளமுமான சைக்கிள் பாதை) இருக்கிறது என்றால் வேறு எதையும் யோசிக்காமல் அங்கே விடுங்கள். முப்பது வயதில் ஆரம்பிக்கிறவருக்கு மைதானமே போதும்.

இப்போது ட்ராக். மூன்றாவது வேலையான சரிவு இங்கே மட்டும்தான் கிடைக்கும், அதற்கு மாற்று எதுவுமே இல்லை. தேர்வு இருப்பது எந்த மாதிரி ட்ராக்கில் ஆரம்பிப்பது என்பதில்தான். கான்கிரீட் ட்ராக்குகள் பெரும்பாலும் நீளமானவை, சரிவு குறைந்தவை, மெதுவாகப் போனாலும் மன்னிக்கும். காற்று வேறு அடிக்கும், ஒரு நேர்ப்பகுதியில் எதிர்காற்று, அடுத்ததில் பின்காற்று, ஒரே கியரில் கால் வேகம் ஏறி இறங்குவதைச் சமாளிக்கவே நன்றாகப் பழகிவிடும். குறை, தளம். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கான்கிரீட்டில் வெடிப்பும் மண்ணும் இருக்கும், விழுந்தால் தோல் உரிவது மரத்தைவிட மோசம். போகும் முன் தளம் எப்படி இருக்கிறது, வெளியாட்களை எந்த நேரம் விடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டே கிளம்புங்கள்.

250 மீட்டர் மரத்தளம் கண்ணுக்குச் சுவர் மாதிரி இருக்கும், வளைவில் 42 டிகிரி அளவுக்குச் சரிவு. முதல் முறை பார்க்கிறவர் பயப்படுவது வேகத்துக்கு, விழவைப்பதோ மெதுவாகப் போவது. ஒரு சின்னக் கணக்கு: வளைவின் ஆரம் 22 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 50 கிலோமீட்டரில் நீங்கள் சாயும் கோணமும் தளத்தின் கோணமும் ஒன்றாகிவிடும், தட்டையான தரையில் நேராகப் போவதுபோல் டயர் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும். 30 கிலோமீட்டரில் இரண்டுக்கும் இடையே 24 டிகிரி வித்தியாசம், அதைத் தாங்கிப் பிடிப்பது டயரின் பிடி மட்டும். 20-க்கு இறங்கினால் வித்தியாசம் 34 டிகிரி, டயர் வழுக்கும் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள், சரிவின் மேல்பக்கம் இருக்கும் வலது பெடலும் தளத்தில் இடிக்கும். அதனால்தான் கோச்சுகள் எல்லோரும் வளைவில் அழுத்து, அழுத்து என்று கத்துகிறார்கள். 250 மீட்டரில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் ஒரு வட்டத்துக்குச் சரியாக 30 வினாடி, நினைவில் வைக்க வசதி. வாடகை சைக்கிள்களில் சாதாரணமாகக் கிடைக்கும் 48-க்கு 15 கியரில் அது நிமிடத்துக்குச் சுமார் 75 சுற்றுதான், யாராலும் முடியும். வளைவைப் பார்த்ததும் காலைத் தளர்த்தாமல் இருப்பதுதான் முடியாது.

ஏறும் வரிசை எல்லா ஊரிலும் ஒன்றே. உள்ளே வெளிர் நீலப் பட்டையில் வேகம் எடுத்து, உள் ஓரத்திலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கும் கறுப்புக் கோட்டுக்கு வந்து, பிறகு சிவப்பு, பிறகு நீலக் கோடு, கடைசியில் மேல் கம்பி. நீலக் கோட்டுக்கு மேல் போய்வரப் பழகியதும் ஒரு ரகசியம் புரியும், சரிவுதான் உங்கள் பிரேக், சரிவுதான் உங்கள் ஆக்சிலரேட்டர். முன்னால் கூட்டம் நெருக்கினால் கொஞ்சம் மேலே ஏறு, வேகம் குறையும், இடம் கிடைத்ததும் இறங்கு, அழுத்தி மிதிக்காமலே வேகம் திரும்ப வரும். மைதானத்திலும் ரோலரிலும் நூறு மணி நேரம் போட்டாலும் இது வராது, ட்ராக்கில் ஒரே நாளில் வந்துவிடும். மலேசியாவில் இருப்பவர்களுக்கு நீலாயில் கூரையுள்ள 250 இருக்கிறது. லண்டனில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், 1891-இல் திறந்த ஹெர்ன் ஹில்லின் 450 மீட்டர் தாழ்சரிவு ட்ராக்கும் 2012 ஒலிம்பிக்கின் லீ வேலி 250-உம் ஒரே ஊரில். அங்கே படிப்படியாகத் தகுதி பெற்றால்தான் குழுவோடு ஓட்டவே விடுவார்கள், நம் ஊரிலும் அப்படி வைத்தால் பாதி விபத்து குறையும் என்பது என் எண்ணம்.

யாருக்கு எது? பல வருடம் ரோட் சைக்கிள் ஓட்டியவர் என்றால் உங்களுக்கு எதிரி உங்கள் பழைய பழக்கம்தான், களைத்ததும் கால் தானாக நிற்கப் பார்க்கும், ஃபிக்ஸட் கியரில் சுற்றும் பெடல் பின்னாலிருந்து உதைத்துத் தூக்கிவிடும். ஃபிக்ஸட் கியரோடு ரோலர், வாரம் இரண்டு மூன்று தடவை, அரை மணி போதும். காசிருந்தால் முதலில் இதை வாங்குங்கள், கார்பன் சக்கரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மைதானம், மைதானம், மைதானம். அவர்களுக்குப் பயம் குறைவு, தெரியாதது திரும்பிப் பார்ப்பதும் கோட்டில் நிற்பதும்தான், அதைப் போட்டி வைத்தால் ஒரே மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள். தனியாக ஓட்டுகிறவர், கூட வர ஆள் இல்லை என்றால் ரோலரைத் தவிர வழியில்லை, ஆனால் ட்ராக்குக்குப் போகும் நாளில் யாரையாவது பிடித்து வெளியே ஒரு மூலையில் தோள் சாய்க்கும் பயிற்சியை மட்டுமாவது செய்துவிட்டு ஏறுங்கள். டைம் ட்ரையல் (தனியாகக் கடிகாரத்தோடு ஓட்டும் போட்டி) மட்டும்தான் ஓட்டப்போகிறேன், கூட்டத்தில் ஓட்டமாட்டேன் என்கிறவரும் பயிற்சி நேரத்தில் கூட்டத்தோடுதான் சுற்றியாக வேண்டும், அந்தச் சாக்கு செல்லாது.

முதல் ட்ராக் நாளுக்குப் போகும்போது வாடகை சைக்கிளில் என்ன பெடல் இருக்கிறது என்று கேட்டு, முடிந்தால் உங்கள் பெடலையே ஸ்பேனரோடு கொண்டுபோங்கள், க்ளீட்டைப் பெடல் பிடிக்கும் பிடியை வழக்கத்தைவிட இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், ஓடும் வேகத்தில் கால் கழன்றால் பெடல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், கணுக்காலைப் பதம் பார்த்துவிடும்.